கந்தளாய்க்கு வெளியே நின்ற ரயில்

மார்ச் 3

கந்தளாய்க்குச் சற்று முன்னால், வயலுக்கு நடுவே ரயில் நின்றுவிட்டது. கைகாட்டிச் சிக்னலின் கை 'நில்' என்று படுக்கையாக நீட்டிக்கொண்டு நின்றது. "இவங்களுக்கு எப்பவும் இதுதான்" என்று பக்கத்து ஐயா வெற்றிலை மடித்தார். நானும் சேர்ந்து புறுபுறுத்தேன். கால்மணி நேரம் கழித்துக் கை கீழே சரிந்தது. உள்ளே போனால் அடுத்த லைனில் எதிர் ரயில் வந்து நிற்கிறது.

மார்ச் 4

உப்புவெளியில் மாமா வீட்டுக்குப் போனேன். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேற்றைய கதையைச் சொன்னதும் சிரித்தார்.

"கைகாட்டி ஸ்டேஷனுக்குள்ள வாறதுக்கு. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஓட டேப்லட் வேணும்."

மேசையில் இரண்டு தேயிலைப் பேணிகளை வைத்தார், இரண்டு ஸ்டேஷன்களாம். இரண்டிலும் ஒவ்வொரு இயந்திரம். ஒருவர் மணியடித்துக் கேட்பார். மறுபக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்து மின்சாரம் கொடுத்தால்தான் இங்கே டேப்லட் என்ற ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு இயந்திரமும் பூட்டு. எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொன்று வராது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு தகடு, ஒரு ரயில்.

கைகாட்டிக்கும் அதே புத்திதான். கையை இழுக்கும் கம்பி அறுந்தால் எதிர்ப்பாரம் அதைத் தூக்கி 'நில்' என்று வைத்துவிடும். பழுதானாலும் நிற்கத்தான் சொல்லும். இது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 5

இரவு தேடி வாசித்தேன். 1874இல் இங்கிலாந்தில், நோர்விச் பக்கம் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்திருக்கிறார்கள். ரயிலை விடச் சொன்ன உத்தரவில் கையெழுத்து விழும் முன்பே தந்தி போய்விட்டதாம். அதற்குப் பிறகுதான், 1878இல், டயர் என்பவர் இந்த டேப்லட் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன் வாய்ச்சொல்லையும் தந்தியையும் நம்பிய காலம்.

மார்ச் 8

வேலையில்லாத ஞாயிறு. திருகோணமலை ஸ்டேஷனில் பிளாட்போம் முனைவரை நடந்தேன். பெரிய வளையத்தில் தோல்பை தொங்க, ஒருவர் இஞ்சினுக்குக் கொண்டுபோனார். சாரதி பையைத் திறந்தார். தகட்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார், உதடு அசைந்தது. பிறகு பையில் போட்டுப் பக்கத்தில் மாட்டினார். ஹோர்ன் அடித்தது.

மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"தகட்டில இருக்கிற ஸ்டேஷன் பேரை வாசிச்சவனா?" அதுதான் முதல் கேள்வி.

"ஓம் மாமா, வாசிச்சவர்."

"சரி, அப்ப போகட்டும்."