ஒரு சால்வை, ஆறு பேர்

"ஒரே ஒரு பேர் சொல்லுங்க மேடம், ஒரு சால்வைக்குத்தான் நேரமிருக்கு" என்றார் விழாக் குழுக்காரர். வளையம், பந்து எல்லாம் வைத்து இசைக்கு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் எங்கள் குழுவாகக் கார்ப்பெட்டில் ஆடியது ஐந்து பேர். பயிற்சியாளரான நான் சொன்னது மாற்றாளாக வெளியே உட்கார்ந்திருந்த ஆறாவது பெண்ணின் பேரை.

"ஆடாத பிள்ளைக்கு எதுக்கு மேடம் சால்வை?" என்று ஆடியவர்களில் ஒருத்தியின் அம்மா கேட்டார். "அப்புறம் பேசலாம்க்கா" என்று நகர்ந்துவிட்டேன்.

கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் ஐந்தில் ஒருத்தியை எப்படிப் பொறுக்குவது? ஒருத்தி எறிய இன்னொருத்தி பிடிக்கும் வளையப் பரிமாற்றத்தையே பாருங்கள். ஐந்து வளையமும் அளவிலும் எடையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்விட்டம் 80 முதல் 90 சென்டிமீட்டர், எடை 300 கிராமுக்குக் குறையக் கூடாது. வளையத்தின் மேல் ஒட்டும் டேப்பைக்கூட ஐந்துக்கும் ஒரே அளவுதான் சுற்றுவோம். கையை முன்னால் வீசி மேலே கொண்டுபோகும்போது வளையத்தைக் கொஞ்சம் முந்தியே கைவிட்டால் அது தாழ்வாக நீண்டு போகும். பிந்தினால் எறிந்தவள் தலைக்குப் பின்னாலேயே விழும். குன்னூரில் ஜூலை மாதம் ஹாலுக்குள் மேகம் புகுந்தால் டேப் ஈரமாகி விரலில் வழுக்கும், வளையம் கோணலாகப் போகும். துடைத்துப் பயனில்லை, டேப்பை உரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டியதுதான். இதில் எது நடந்தாலும் ஓடித் தடுமாறுவது பிடிப்பவள். பார்ப்பவர்கள் கண்ணுக்கு அவள்தான் கோட்டை விட்டவள். கைத்தட்டலும் பிடித்தவளுக்கே போகும்.

ஆறாவது பெண்ணுக்கு ஐந்து இடமும் மனப்பாடம். 13க்கு 13 மீட்டர் கார்ப்பெட்டில், இரண்டரை நிமிடத்துக்குள், ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வழி, எறிய வேறு ஆள், வாங்க வேறு ஆள். யாருக்காவது கணுக்கால் பிசகினால் அன்றைக்கே இறங்கியாக வேண்டும்.

1996இல் அட்லாண்டாவில் குழுப் பிரிவு முதல்முறை ஒலிம்பிக்குக்கு வந்தபோது தங்கம் வென்ற ஸ்பெயின் அணியில் ஆறு பேருக்கும் பதக்கம் கிடைத்தது. அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஆறு பேரும் மாறி மாறி ஆடியவர்கள், எங்கள் பெண் ஆடவில்லை. இப்போது ஒலிம்பிக் அணியே ஐந்து பேர்தான். 2024இல் பாரிஸில் சீனா தங்கம் வென்றது என்போம். ஐவரில் ஒருத்தி பேரைக் கேட்டால் எங்கள் தொழிலில் இருப்பவர்களே முழிப்பார்கள். பேர் வராத விளையாட்டு என்று தெரிந்துதானே சேர்க்கிறோம் என்றும் தோன்றுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியுமா என்றால், தெரியாது.

சான்றிதழ் ஆறு பேருக்கும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அதுதான் செல்லும், சால்வை செல்லாது. இப்படிச் சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் மகள்தான் அன்றைக்குக் கடைசி வளையத்தை எறிந்தவள். பிடித்தவளுக்காவது கைத்தட்டல் கிடைத்தது.

அடுத்த தடவையும் ஒரு பேர்தான் என்றால் சால்வையே வேண்டாம் என்று சொல்லிவிட ஆசை. சொன்னால் அழைப்பிதழிலிருந்து எங்கள் நிகழ்ச்சியையே எடுத்துவிடுவார்கள்.