உழவு மண்ணில் மோதிரம்: இங்கிலாந்து வயல் நாட்குறிப்பு

7 செப்டம்பர் 2024, சனி

கோதுமை அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற வயல். நிலக்காரரின் அனுமதி எழுத்தில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் எதுவும் இந்த எல்லைக்குள் வரவில்லை என்பதையும் வரைபடத்தில் பார்த்தாயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் அனுமதியின்றி மெட்டல் டிடெக்டரை, அதாவது மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவியை, பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மோதிரம் வேண்டுமென்றால் டிஸ்கிரிமினேஷனை, அதாவது குப்பை உலோகத்தை ஒலிக்காமல் வடிகட்டும் அமைப்பை, கூட்டி வைக்கக் கூடாது. மெல்லிய தங்க மோதிரமும், சிகரெட் டப்பாவின் அலுமினியத் தாளும், பானக் கேனின் இழுவளையமும் டிடெக்டர் திரையில் ஏறத்தாழ ஒரே எண் வரிசையில் வரும். குப்பையை மறைத்தால் தங்கமும் சேர்ந்து மறையும். எனவே நிறைய இழுவளையம் தோண்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

முழு வளையம் தெளிவாக ஒலிக்கும். டிடெக்டர் தூண்டும் சுழல் மின்னோட்டம் அதைச் சுற்றி ஓட வழி இருக்கிறது. கலப்பை பட்டு வாய் பிளந்த மோதிரத்தில் அந்தச் சுற்று அறுந்துபோகிறது. எண் சரிகிறது, ஒலி விட்டுவிட்டு வருகிறது, இரும்புத் துணுக்கு என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மண்ணில் குத்தாக நிற்கும் மோதிரத்துக்கு நேர் மேலே ஒலி மங்கும், இரு பக்கமும் கூடும். சந்தேகம் வந்தால் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீச வேண்டும்.

உழவு மண் இங்கே 25 செ.மீ. வரைதான். அதற்குக் கீழே நிறம் மாறி, கலையாத மண் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அந்த அடுக்கு தொல்லியலாளருக்கு உரியது.

8 செப்டம்பர், ஞாயிறு

கால்வழி ஓரத்தில் ஒரு 9 காரட் மோதிரம். பத்து மடங்கு லென்ஸில் உள்பக்கம்: தயாரிப்பாளரின் இரண்டு எழுத்து, ‘9’, ‘.375’, நங்கூரம், சின்ன ‘டி’ (t) எழுத்து.

நங்கூரம் என்றால், தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்ஹாம் முத்திரை அலுவலகம். அது 1773இல் தொடங்கியது. 9, 12, 15 காரட் 1854இல்தான் சட்டத்துக்குள் வந்தன. 1932இல் 12ஐயும் 15ஐயும் எடுத்துவிட்டு 14ஐக் கொண்டுவந்தார்கள். ஆகவே ‘15’, ‘.625’ என்று இருந்தால் எழுத்தைப் படிக்காமலே மோதிரம் அந்த 78 வருடத்துக்குள் அடங்கிவிடும். 1975க்கு முன் கிரீட முத்திரை 18க்கும் 22க்கும் மட்டும். அந்தக் காலத்து 9இல் கிரீடத்தைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அரசரின் தலை இருந்தால் 1784 முதல் 1890 வரை. அது வரி கட்டியதற்கான முத்திரை.

முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும் ஆண்டெழுத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1975க்கு முன் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனி வரிசை இருந்தது, எழுத்து மாறியதும் ஆண்டின் நடுவில். பர்மிங்ஹாமின் சாதாரணச் சிறிய ‘டி’ 1918–19. பெரிய ‘டி’ 1943–44. கோதிக் வடிவச் சிறிய ‘டி’ 1893–94. விரலில் தேய்ந்தபின் கோதிக்கும் சாதாரணமும் ஒன்றுபோல் தெரியும். அப்போது எழுத்தைச் சுற்றியுள்ள கேடய வடிவத்தைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். விளக்கைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த பள்ளமும் நிழல் காட்டும்.

14 செப்டம்பர், சனி

தட்டையான தங்கப் பட்டை, முத்திரை வரிசை இல்லை. உள்பக்கம் சாய்வெழுத்தில் ஒரு வரி: ‘காட் அபவ் இன்க்ரீஸ் அவர் லவ்’. மேலுள்ள இறைவன் நம் அன்பைப் பெருக்கட்டும் என்ற வாழ்த்து. இதுதான் போஸி மோதிரம். வரியின் முடிவில் சின்னக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து, தட்டானின் அடையாளம்.

இங்கே காலத்தைச் சொல்வது எழுத்தின் வடிவம். கோதிக் எழுத்து பெரும்பாலும் 14, 15ஆம் நூற்றாண்டு. ரோமன் பெரிய எழுத்து 16ஆம் நூற்றாண்டிலிருந்து. சாய்வெழுத்து பெருகியது 17ஆம் நூற்றாண்டின் நடுவில். ‘எஸ்’ இதில் ‘எஃப்’ போல நீண்டிருக்கிறது, அது 1800 வாக்கில் வழக்கொழிந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் 1650க்கும் 1740க்கும் இடையில். இதைவிட நெருக்கி ஒரு ஆண்டைச் சொல்பவரை நம்ப மாட்டேன்.

எழுத்துப் பள்ளத்தில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் ஊசியால் நோண்டக் கூடாது. மண்ணாகவும் இருக்கலாம், பழைய எனாமலாகவும் இருக்கலாம். டூத் பிரஷ், பேக்கிங் சோடா, நகைக்கடைப் பாலிஷ் எதுவும் கிட்டே வரக் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து ஆட்டினால் தளர்ந்த மண் தானாக விழும். இந்த மோதிரத்தில் விழுந்தது மண்தான்.

15 செப்டம்பர், ஞாயிறு

தங்கமா, முலாம் பூசிய வெள்ளியா? கல்லும் எனாமலும் இல்லாததால் அடர்த்தி பார்க்கலாம்.

தராசில் நீருள்ள கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்கி, மோதிரத்தை மெல்லிய நைலான் இழையில் கட்டி, அடியும் சுவரும் தொடாமல் முழுக்க முக்க வேண்டும். தராசு அப்போது காட்டும் கிராம்தான் மோதிரத்தின் கன அளவு, மில்லிலிட்டரில். உலர்ந்த எடை 2.31 கிராம், நீரில் 0.13. வகுத்தால் 17.8; 22 காரட்டுக்கு ஒத்துவரும் எண். ஆனால் 0.14 என்று காட்டியிருந்தால் 16.5 ஆகியிருக்கும், 0.12 என்றால் 19.3. இவ்வளவு லேசான மோதிரத்துக்கு 0.01 கிராம் தராசு காரட்டைத் தீர்மானிக்காது, 0.001 வேண்டும். முலாம் பூசிய வெள்ளியாக இருந்தால் 0.22 காட்டியிருக்கும் என்பதால் அந்தக் கேள்வி மட்டும் தீர்ந்தது.

எழுத்துப் பள்ளத்தில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் கன அளவு கூடி, தங்கம் மட்டமானதுபோல் தெரியும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் குமிழி நிற்காது.

18 செப்டம்பர், புதன்

1996 புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்டு, எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் புதையல். இன்றைய கணக்கில் எல்லை 1724. இந்த மோதிரம் அதன் இரு பக்கமும் விழக்கூடியது. அதைத் தீர்ப்பது கண்டெடுத்தவர் வேலையில்லை, அறிவித்துவிட வேண்டும். 14 நாள் கெடு, 28ஆம் தேதி முடிகிறது. மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர் வழியாகக் கொரோனருக்கு, அதாவது புதையலா என்று விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரிக்கு, போகும்.

கூடவே போவது: இடத்தைக் காட்டும் எட்டு இலக்க வரைபடக் கட்டக் குறியீடு (10 மீட்டர் துல்லியம், பத்து இலக்கம் என்றால் 1 மீட்டர்), ஆழம் 14 செ.மீ., எடை, உள்விட்டம், அளவுகோலோடு எடுத்த படங்கள். உள்விட்டத்தை பிளாஸ்டிக் காலிப்பரால் எடுத்தேன். இரும்புக் காலிப்பர் முனை மென்தங்கத்தில் கீறல் போடும். படத்தில் உள்வரியை ஒரே சட்டகத்தில் பிடிக்க முடியாது. மோதிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு படத்திலும் முந்தைய எழுத்து ஒன்றாவது சேர்ந்து வருமாறு எடுத்தால் படிப்பவருக்கு வரி விட்டுப்போகாது.