திமிங்கல வேட்டையும் சாகும் நேரமும்

திமிங்கல வேட்டை சரியா தவறா என்ற பேச்சு எடுத்த எடுப்பிலேயே எண்ணிக்கைக்குப் போய்விடுகிறது. ஐஸ்லாந்தைச் சுற்றிய கடலில் ஃபின் திமிங்கலங்கள் சுமார் 40,000 இருக்கின்றன, ஆண்டுக்கு நூற்றைம்பதைப் பிடித்தால் இனம் அழியாது என்பது வேட்டைத் தரப்பின் வாதம். கணக்கு தப்பில்லை. இருபதாம் நூற்றாண்டில் தென் கோளார்த்தத்தில் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபின் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அந்தக் காலத்தில் எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்று எஞ்சியிருக்கும் வேட்டைகளை எடைபோட அது போதாது. சுட்ட பிறகு அந்த விலங்கு சாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நார்வேயின் மிங்கி வேட்டையை எடுத்துக்கொள்வோம். மிங்கி ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள சின்னத் திமிங்கலம். படகின் முன்முனையில் இருக்கும் பீரங்கி, கயிறு கட்டிய ஹார்ப்பூன் என்ற ஈட்டியைச் செலுத்தும். அதன் நுனியில் 30 கிராம் பென்த்ரைட் வெடிமருந்து அடைத்த கிரனேடு இருக்கும். தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் போனதும், கொக்கி மாட்டிய இழுகயிறு இறுகி கிரனேடு வெடிக்கும். கொல்வது ஹார்ப்பூன் போடும் ஓட்டை அல்ல, வெடிப்பின் அழுத்த அலை. அது உடல் வழியாகப் பாய்ந்து மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்குகிறது. அதனால் பக்கவாட்டிலிருந்து மார்புப் பகுதியைக் குறிவைக்க வேண்டும். பின்பக்கமிருந்து சாய்வாகச் சுட்டால் வெடிப்பு குடலில் நிகழும். மூளை அங்கிருந்து வெகுதூரம், திமிங்கலம் நினைவோடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும்.

வெடிக்காத இரும்பு ஹார்ப்பூனைப் பயன்படுத்திய 1981–83 பருவங்களில் உடனே செத்தவை 17 சதவீதம்தான். பென்த்ரைட் வந்து, சுடுபவர்களுக்குப் பயிற்சியும் கட்டாயமான பிறகு 2011–12இல் கவனித்துப் பதிந்த 271 மிங்கிகளில் 82 சதவீதம் உடனே செத்தன. பெரிய முன்னேற்றம், மறுக்க முடியாது. உடனே சாகாதவற்றின் இடைநிலை நேரம் (பாதி அதற்குள் செத்தன, பாதிக்கு அதைவிட அதிகம் ஆனது) ஆறு நிமிடம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆறு நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

இந்த ‘உடனே’ என்ற தீர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. கீழ்த்தாடை தளர்வது, துடுப்பு அசையாதிருப்பது, எதிர்ப்பின்றி மூழ்குவது ஆகியவைதான் சாவின் அடையாளங்கள். முதுகுத்தண்டு அறுபட்டு அசைய முடியாமல், வலியை உணர்ந்தபடி கிடக்கும் திமிங்கலத்திடமும் இவை தெரியலாம். செத்த பின்னும் தன்னிச்சையாக வால் துடிக்கலாம். படகிலிருந்து பார்ப்பவர் எந்தப் பக்கமும் பிழை செய்ய இடமிருக்கிறது.

இதே முறையை ஃபின் திமிங்கலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் கணக்கு ஆட்டம் காண்கிறது. அது இருபது மீட்டர் விலங்கு. மூச்சுவிட மேலே வரும்போது முதுகின் ஒரு பகுதி மட்டும் ஓரிரு நொடி தெரியும். படகும் இலக்கும் அலையில் தனித்தனியாக ஆடும். கிரனேடு இன்னும் ஆழமாகப் போய் வெடிக்க வேண்டும், மார்புக்கும் மூளைக்கும் உள்ள தூரமும் அதிகம். குறி தப்பினால் பீரங்கியில் அடுத்த ஹார்ப்பூனை ஏற்ற நிமிடங்கள் பிடிக்கும். மிங்கிக்கு இரண்டாவது குண்டாகப் பெரிய ரைஃபிளே போதும். ஃபின் திமிங்கலத்திடம் அது எடுபடாது.

2014இல் ஐஸ்லாந்தில் கவனிக்கப்பட்ட 50 ஃபின் திமிங்கலங்களில் 42 உடனே செத்தன. ‘பார்த்தீர்களா, நார்வேக்குச் சமம்’ என்றார்கள் வேட்டைத் தரப்பினர். 2022 பருவத்தில் 148 கொல்லப்பட்டன. உணவு, கால்நடை ஆணையம் அவற்றில் 58ஐக் கவனித்துப் பார்த்தபோது உடனே செத்தவை 59 சதவீதமாக இறங்கியிருந்தது. மற்றவற்றின் இடைநிலை நேரம் பதினொன்றரை நிமிடம். இரண்டு திமிங்கலங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடிருந்தன. ஹார்ப்பூன் பாய்ந்த ஒன்றை ஐந்து மணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. வெட்டுமேடையில் பார்த்தபோது 11 சினையாக இருந்தன, ஒன்று பால் கொடுத்துக்கொண்டிருந்தது. கடல்மட்டத்தில் தெரியும் முதுகை வைத்து இதையெல்லாம் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆணையத்தின் இந்த அறிக்கையைப் பார்த்த நிபுணர் குழு, இந்த முறை நாட்டின் விலங்கு நலச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்றது. 2023 ஜூனில், பருவம் தொடங்கவிருந்த நேரத்தில் அமைச்சர் வேட்டையை நிறுத்திவைத்தார். செப்டம்பரில் கடுமையான விதிகளோடு மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த விதிகளோடேயே ஒரு படகின் முதல் குண்டு குறித்த பகுதிக்கு வெளியே பட்டது, அடுத்த குண்டுக்கு அரை மணி நேரம் ஆனது. அந்தப் படகைச் சில நாள் நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்த ஆணைக்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்று நாடாளுமன்றத்தின் குறைதீர்ப்பாளர் பின்னால் சொன்னதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடைமுறைப் பிழை உண்மைதான், அதனால் அந்த 58 திமிங்கலங்களின் கணக்கு மாறிவிடாது.

‘இறைச்சிக்கூடத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே மாட்டின் நெற்றியில், இரும்புத் தண்டைப் பாய்ச்சும் போல்ட் துப்பாக்கியை வைத்து அழுத்துகிறார்கள். முதல் அடியிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நினைவிழக்காவிட்டால் அமெரிக்கத் தணிக்கையில் அந்தக் கூடம் தேறாது. 59 எடுத்தால் கதவை மூட வேண்டியதுதான். தொழில்முறைக் கோழி வளர்ப்பின் கொடுமையைப் பேச ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை. ஆனால் ஒரு கொடுமை இன்னொன்றுக்கு அனுமதிச் சீட்டாகாது.

எனக்கு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாத இடம் அலாஸ்கா. அங்குள்ள இனுப்பியாட் பழங்குடி மக்கள் போஹெட் திமிங்கலத்தை இன்றும் கையால் எறியும் ஹார்ப்பூனால் வேட்டையாடுகிறார்கள். அதோடு பொருத்திய வெடி, உடலைத் தொட்டதும் உள்ளே பாயும். பின்னால் கட்டிய மிதவை திமிங்கலம் எங்கே போகிறது என்று காட்டும். சாக ஆகும் நேரம் நார்வேயைவிட அதிகம். நான் வைத்த அளவுகோல்படி இது இன்னும் மோசம்.

இருந்தும் இரண்டு விஷயங்கள் என்னைத் தடுக்கின்றன. கறியை விற்க முடியாது, ஊருக்குள் பங்கிட வேண்டும். அத்துடன் 1977இல் போஹெட் இரண்டாயிரத்தைத் தாண்டாது என்று சொல்லிச் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வேட்டையைத் தடை செய்தபோது, பனிக்கட்டிக்கு அடியிலும் திமிங்கலங்கள் கடந்துபோகின்றன, எண்ணுபவர்கள் பார்ப்பதில்லை என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கிகளை வைத்துக் கேட்ட பிறகு அவர்கள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. இன்றைய மதிப்பீடுகள் பத்தாயிரத்துக்கு மேல்.

அவர்களுடைய ஒதுக்கீடு எண்ணும் முறையும் எனக்குப் பிடித்தது. 2019–2025 காலத்துக்கு அலாஸ்காவுக்கும் ரஷ்யாவின் சுகோத்காவுக்கும் சேர்த்துக் கரைசேர்க்கும் திமிங்கலங்கள் 392, அதோடு ஆண்டுக்கு 67 தாக்குதல்கள் என்ற தனி உச்சவரம்பும் இருந்தது. அடிபட்டுத் தப்பியதும் கணக்கில் சேரும். 2007இல் கரைசேர்த்த ஒரு போஹெட்டின் உடலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வெடியீட்டியின் துண்டு கிடந்தது. நூறாண்டுக்கு மேல் அதைச் சுமந்தே வாழ்ந்திருக்கிறது. தப்பியவற்றை எண்ணாத எந்த வேட்டைக் கணக்கையும் நான் நம்பமாட்டேன், அது மானாக இருந்தாலும் காட்டுப்பன்றியாக இருந்தாலும்.

ஐஸ்லாந்தில் 2024 டிசம்பரில் ஐந்தாண்டுக்குப் புதிய உரிமம் கொடுத்தார்கள், ஆண்டுக்கு ஃபின் 209. 2025 கோடையில் ஒரு ஃபின்கூடக் கொல்லப்படவில்லை. அதற்கு விலங்கு நலச் சட்டம் காரணமில்லை. ஜப்பான் சந்தையில் விலை கட்டுப்படியாகவில்லை என்று வேட்டை நிறுவனமே படகுகளை நிறுத்திவிட்டது.