மைப்படி எடுக்கக் கற்றுக்கொண்ட பயணம்

தொல்லியல் பயிற்சி என்றதும் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கலாம் என்ற ஆசையில்தான் பலரும் வருகிறார்கள். கும்பகோணம் பக்கம் வரலாற்று ஆர்வலர்கள் நடத்திய பயிற்சியில் முதலில் சொன்னதே, அரசு உரிமம் இல்லாமல் யாரும் அகழாய்வு செய்யக்கூடாது என்பதுதான். ஒரு குழியை ஒரு முறைதான் தோண்ட முடியும், தவறவிட்ட தடயம் திரும்பக் கிடைக்காது. அதனால் எங்கள் கைக்கு வந்தவை, கல்வெட்டைத் தாளில் நகல் எடுக்கும் மைப்படி வேலைக்கான பிரஷ், தாள், மை.

இடம் ஒரு சின்னச் சிவன் கோயில். அனுமதி முன்பே வாங்கியிருந்தார்கள். கல்லில் படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, நனைத்த தாளை ஒட்டி, அது எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் ஓங்கித் தட்டினாலும் தாள் கிழிந்துவிடும். ஈரம் வற்றி வரும்போது துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றினால் கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். மை வெளிப்பக்கம் படுவதால் இடவலம் மாறாது, அப்படியே படிக்கலாம்.

என் தாளில் வந்தது 'மதுரை கொண்ட கோப்பரகேசரி'. சோழ மன்னன் முதலாம் பராந்தகன்! மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, நடுநடுவே கிரந்தம் வேறு. ஆனாலும் எழுத்துக்கூட்டிப் போனால் 'சாவா மூவாப் பேராடு' பிடிபடுகிறது. அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு நெய் கொடுப்பதற்காக விட்ட ஆடுகள், பெரும்பாலும் 90 அல்லது 96. கிழடானாலும் செத்தாலும் கணக்கு குறையாமல் ஈடு செய்ய வேண்டும் என்பதால் அந்தப் பெயர். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தை நம் விரல் தொட்டுப் படிப்பது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் பூம்புகார். கீழையூரில் 1960களில் தொல்லியல் துறை வெளிக்கொணர்ந்த செங்கல் படகுத்துறையையும், பல்லவனீச்சரத்தில் புத்த விகாரையின் அடித்தளத்தையும் பார்த்தோம். தரையில் பானை ஓடு கிடந்தால் எடுக்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். குளம் தூர்வாரும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ சிலை, காசு வந்தால் உடனே விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

வழியில் திருப்பணி முடிந்த ஒரு கோயிலில், மணலை வீசிச் சுத்தம் செய்த சுவரில் எழுத்துகள் மழுங்கிக் கிடந்தன. எனக்கு வயிறு எரிந்தது. குடமுழுக்குக்கு நாள் குறிக்கும் முன்பே சுவர் முழுவதையும் மைப்படி எடுத்துவிட வேண்டும், அதற்கு ஊருக்கு நாலு பேராவது இந்த வேலை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். டெல்டாவில் கல்வெட்டு இருக்கும் கோயில்கள் அத்தனை இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அதிகாரிகளே வந்து சேர்வார்கள் என்று காத்திருக்க முடியாது.

போக நினைப்பவர்கள் தை, மாசியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் காயவே காயாது.