நைட் கார்டு வாங்கலாமா? காசு வீணாகும் இடங்கள்

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறைதான் நைட் கார்டு. அது பல் கடிப்பதை நிறுத்தாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம். ‘பல்லெல்லாம் தேஞ்சிருக்கு, கார்டு போட்டுக்கோங்க’ என்று டாக்டர் சொல்லும்போது, ‘இதைப் போட்டால் சரியாகிவிடும்’ என்றுதான் நம் காதில் விழுகிறது. தாடை ராத்திரி செய்கிற வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். பல்லோடு பல் உரசுவதற்குப் பதில் பல்லோடு பிளாஸ்டிக் உரசும், தேய்வது பிளாஸ்டிக்காக இருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதையேதான் சொன்னது: தூக்கத்தில் பல் கடிப்பதற்கு இது சிகிச்சை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, பல் தேய்மானத்தில் பலன் இருக்கலாம்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, காப்பாற்ற வேண்டியது என்று நம் வாயில் என்ன இருக்கிறது என்பதுதான். பல ஆயிரம் கொடுத்துப் போட்ட செராமிக் கேப், ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல், இம்ப்ளான்ட், அடிக்கடி உடைந்து விழும் ஃபில்லிங், விரிசல் விட்ட பல். இவற்றில் ஒன்றாவது இருந்து, கடிக்கிற பழக்கமும் இருந்தால் கார்டு லாபம்தான். பல் நன்றாக இருக்கிறது, காலையில் வலி இல்லை, பக்கத்தில் படுப்பவர் மட்டும் ‘நறநறன்னு சத்தம் வருது’ என்கிறார் என்றால் அவசரமே இல்லை. இப்போது பல்லை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தேய்மானம் எப்போது நடந்தது என்று ஒரே ஒரு முறை பார்த்துச் சொல்லிவிட முடியாது. பத்து வருடத்துக்கு முன் தேய்ந்து அதோடு நின்றதாகவும் இருக்கலாம்.

இன்னொரு குழப்பம், பகலில் கடிப்பதா, தூக்கத்தில் கடிப்பதா என்பது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களிலும், சென்னை டிராஃபிக்கில் வண்டி ஓட்டுகிறவர்களிலும் சத்தமே இல்லாமல் தாடையை இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டு வலித்து, தாடை இறுகிப்போயிருந்தால் ராத்திரி வேலை. மாலை ஆக ஆக வலி ஏறினால் அது பகல் பழக்கம். அதற்கு ராத்திரி கார்டு எந்த விதத்திலும் உதவாது. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும்தான் பல் தொட வேண்டும். போனில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து, அடிக்கிற நொடியில் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும், செலவு பூஜ்யம்.

கிளினிக்கில் நம்மிடம் கேட்க வேண்டியதும் பெரும்பாலும் கேட்கப்படாததும் மூன்று. முதலாவது மாத்திரை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், வென்லாஃபாக்ஸின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பைக் கிளப்பிவிடும். மாத்திரை ஆரம்பித்ததற்கும் தாடை வலி ஆரம்பித்ததற்கும் நாள் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. இரண்டாவது நெஞ்செரிச்சல். வயிற்றிலிருந்து மேலேறும் அமிலம் அரித்த பல்லையும் கடித்துத் தேய்ந்த பல் என்று சொல்லிவிடுவார்கள். கடித்துத் தேய்ந்தால் மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் தட்டையான, பளபளப்பான முகங்கள் இருக்கும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படியும். அமிலம் அரித்தால் கடைவாய்ப்பல் மேட்டில் குழி குழியாக விழும், மேல் முன்பற்களின் உள்பக்கம் மெலிந்து போகும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மூன்றாவது குறட்டை, இதுதான் விஷயம் பெரியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறது என்றால் முதலில் தூக்கப் பரிசோதனை, பிறகுதான் கார்டு. மூச்சுத் தடை உள்ள 10 பேருக்கு மேல்தாடைக் கார்டு போட்டுப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2004-ல் வந்தது. அவர்களில் 5 பேருக்கு மூச்சுத் தடை பாதிக்கு மேல் கூடியிருந்தது. பத்துப் பேரை வைத்துச் சட்டம் போட முடியாதுதான். ஆனாலும் குறட்டை விடுகிறவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கூடக் கேட்காமல் அளவு எடுப்பது பொறுப்பில்லாத வேலை.

குழந்தை பல்லைக் கடித்தால் ‘வயித்துல பூச்சி’ என்று பூச்சி மாத்திரை கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுப்பது வேறு காரணங்களுக்காக நல்லது, அதனால் பல் கடிப்பு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகக் குறைந்துவிடும். பால் பல் விழுந்து முளைக்கிற வயதில் கார்டு செய்தால் சில மாதத்தில் பொருந்தாமல் போகும்.

இனி எந்தக் கார்டு என்பது. பெரும்பாலான கிளினிக்குகளில் கேட்காமலே கையில் வருவது மெத்தென்ற வகை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈவிஏ என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் காற்றை உறிஞ்சி ஒட்டவைத்து வெட்டிக் கொடுப்பார்கள். லேபுக்கு இது சுலபமான வேலை, விலையும் குறைவு. போட்டுக்கொள்ள சுகமாகவும் இருக்கும், அதுதான் பிரச்சினையே. ரப்பர் மாதிரி இருப்பதைச் சிலருடைய தாடை மென்றுகொண்டே இருக்கும். 1987-ல் ஜெஃப்ரி ஓகீசன் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 10 பேரிடம் தசை இயக்கத்தை அளந்து பார்த்தார்: கடினமான கார்டில் 8 பேருக்குக் குறைந்தது, மெத்தென்றதில் 5 பேருக்குக் கூடியது, குறைந்தது ஒருவருக்குத்தான். இதுவும் சின்ன ஆய்வுதான். ஆனால் மெத்தென்றதை மாட்டிக்கொண்டு முன்பைவிட அதிகத் தாடை வலியோடு எழுந்தால் அது உங்கள் கற்பனை இல்லை. பலமாகக் கடிப்பவர்கள் அதைச் சில மாதத்திலேயே ஓட்டை போட்டுவிடுவார்கள். தேய்த்துச் சரிசெய்யவும் முடியாது, டிரில்லை வைத்தால் இழுபடும்.

தேய்மானம் நிஜமாகவே இருக்கிறது என்றால் கடினமான அக்ரிலிக்தான் சரி. உள்ளே மெத்தென்றும் வெளியே கடினமாகவும் இருக்கும் இரட்டை அடுக்கு வகை நடுவழி. கூசும் பல் உள்ளவர்களுக்கு ஒத்துவரும். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் கொடுத்துக்கொள்ளும் ஆன்லைன் கார்டைக் கொஞ்ச நாள் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு தூங்க நம்மால் முடிகிறதா என்று தெரியும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். பிரேஸ் கழற்றிய பின் கொடுக்கிற மெல்லிய ரீட்டெய்னரும் கார்டு இல்லை, கடித்தால் கிழியும்.

முன்பல்லை மட்டும் மூடுகிற சின்னக் கார்டைக் காட்டி ‘இது லேட்டஸ்ட்’ என்றால் உஷார். மூடாமல் விட்ட கடைவாய்ப்பற்கள் மாதக் கணக்கில் மெல்ல மேலெழும்பி, கடைசியில் முன்பல் ஒன்றோடொன்று சேராமல் போன கதைகள் உண்டு. சின்னதாக இருப்பதால் தூக்கத்தில் விழுங்கிவிடும் அபாயமும் இருக்கிறது. கடைசிப் பல் வரை எல்லாப் பல்லையும் மூட வேண்டும் என்று அளவு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பணம் அநியாயமாக வீணாவது இங்கேதான்: ஃபில்லிங், கேப், பல் பிடுங்குவது என்று எந்த வேலை பாக்கி இருந்தாலும் முடித்துவிட்டுத்தான் அளவு கொடுக்க வேண்டும். கார்டு வந்த பிறகு ஒரு கேப் போட்டால் அந்தப் பல்லின் வடிவம் மாறும், கார்டு உட்காராது. ‘கார்டு இப்ப போட்டுக்கலாம், கேப் அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால், இரண்டாவது கார்டுக்கும் உங்களிடம்தான் பில் வரும்.

அளவெடுப்பது சுருக்கமான வேலை. தண்ணீரில் குழைத்து வாயில் வைத்து அச்செடுக்கும் ஆல்ஜினேட் மாவில் எடுத்தால் உடனே கல் மாவு ஊற்றி அச்சாக்க வேண்டும், வைத்திருந்தால் தண்ணீர் வற்றிச் சுருங்கும். சாயங்காலம் அளவெடுத்து, ‘லேப் பையன் காலையில வந்து எடுத்துட்டுப் போவான்’ என்றால் அந்தக் கார்டு சரியாகப் பொருந்தாமல் வந்து நிற்கும். ஸ்கேனர் அல்லது சிலிகான் இருக்கும் இடத்தில் இந்தத் தொல்லை இல்லை. குமட்டல் உள்ளவர்கள் கீழ்த்தாடைக்குச் செய்யச் சொல்லலாம்.

அடுத்து மாட்டிப் பார்க்கும் நாள். கார்டு வேலை செய்யுமா, டிராயரில் தூங்குமா என்பது இந்த நாற்காலியில்தான் முடிவாகிறது. அதனால்தானோ என்னவோ, அவசரமாக முடிப்பதும் இதையேதான். ‘லேப்லேர்ந்தே பர்ஃபெக்டா வந்துடும் சார்’ என்று டப்பாவைக் கையில் திணித்து அனுப்பிய கிளினிக்கை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. லேபிலிருந்து எதுவும் அப்படி வராது. கார்டை மாட்டி, நடுவில் நீல நிறக் கார்பன் தாளை வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால் இடப்பக்கக் கடைசிப் பல்லில் மட்டும் கொழுத்த நீலப் புள்ளி ஒன்று, வலப்பக்கம் வெறுமை. பெரும்பாலும் முதலில் இப்படித்தான் இருக்கும். அந்தப் புள்ளியைத் தேய்த்து, மறுபடி கடித்து, மறுபடி தேய்த்து, இரண்டு பக்கமும் எல்லாக் கடைவாய்ப்பல்லும் ஒரே அளவு புள்ளி வைக்கும்வரை போக வேண்டும். பிறகு சிவப்புத் தாளை வைத்துத் தாடையை இடமும் வலமும் முன்னும் நகர்த்தச் சொல்வார்கள். பக்கவாட்டில் போகும்போது கோரைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு விழுந்து, கடைவாய்ப்பற்கள் விலகினால் நல்ல வேலை. நேராக உட்கார்ந்தும் ஒருமுறை கடித்துக் காட்டுங்கள். சாய்ந்து படுத்திருக்கும்போது தாடை சற்றுப் பின்னால் போய்விடும், புள்ளி மாறும். கடைசியில் மெருகேற்றியிருக்கிறார்களா என்று நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் ராத்திரி முழுக்க நாக்கு அங்கேயேதான் போகும்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். கார்பன் தாளை வெளியிலேயே எடுக்காமல் ‘ஓகேவா?’ என்று மட்டும் கேட்டால் எழுந்திருக்காதீர்கள். உயரமாக இருக்கும் ஒரே ஒரு புள்ளி போதும், அந்தப் பல் நோகும், அல்லது அந்தப் பக்கத் தாடை மூட்டு நோகும்.

முதல் சில ராத்திரி எச்சில் ஊறும், மாட்டியதும் பல்லை இறுக்கும், இதெல்லாம் அடங்கிவிடும். காலையில் கழற்றியதும் பல் சேர்வது கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றும், பல் தேய்த்து காபி குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிட வேண்டும். மத்தியானம் வரை கடி மாறியே இருந்தாலோ, குறிப்பிட்ட ஒரு பல் மட்டும் வலித்தாலோ, காலையில் கார்டு தலையணையில் கிடந்தாலோ, பொறுத்துக்கொண்டு போகாமல் திரும்பிப் போங்கள். தசை தளர்ந்ததும் தாடை நிற்கும் இடமே கொஞ்சம் மாறும் என்பதால் ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை தேய்க்க வேண்டியிருக்கும், வலி இல்லாவிட்டாலும் கூட.

அதனால் விலை கேட்கும்போது ‘கார்டு எவ்வளவு’ என்று கேட்காமல், ‘அட்ஜஸ்ட்மென்டும் சேர்த்தா’ என்று கேளுங்கள். குறைந்த விலை சொல்லி ஒவ்வொரு முறைக்கும் கன்சல்டிங் ஃபீஸ் வாங்கினால் கணக்கு தலைகீழாகும். கல் அச்சையோ ஸ்கேன் ஃபைலையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டு தொலைந்தால், பல் மாறாதவரை, புது அளவு இல்லாமலே இன்னொன்று செய்யலாம். நம் ஊர் மெடிக்ளெய்ம் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் விபத்து தவிர்த்த பல் செலவு வராது, ஓபி கவர் (அட்மிட் ஆகாமல் எடுக்கும் சிகிச்சைக்கான காப்பீடு) தனியாக இருந்தால் மட்டும் பாருங்கள். செலவு கட்டுப்படியாகாதவர்கள் பல் மருத்துவக் கல்லூரிகளில் ப்ராஸ்தோடான்டிக்ஸ் (கேப், செயற்கைப் பல் செய்யும்) துறையைக் கேட்டுப் போகலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசுக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி என்றால் காத்திருப்பும் நடையும் அதிகம். ஆனால் பேராசிரியரிடம் காட்ட வேண்டும் என்பதால் பிஜி மாணவர்கள் அந்த நீலப் புள்ளியை விடாமல் துரத்துவார்கள்.

கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர், மெல்லிய பிரஷ், ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். பேஸ்ட் கீறல் விழவைக்கும், கீறலில் அழுக்கு அடைந்து நாறும். வெந்நீர் வளைத்துவிடும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலும் அதே கதிதான். துளை உள்ள டப்பாவில் வையுங்கள், டிஷ்யூவில் சுற்றி வைத்தால் யாராவது குப்பை என்று எறிவார்கள். வீட்டில் நாய் இருந்தால் எச்சில் வாசத்துக்கு அதைத் தேடி வந்து கடித்துக் குதறும், உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு செக்கப்புக்கும் கார்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எந்த இடத்தில் மழுங்கிய கோடு விழுந்திருக்கிறது என்று தெரியும். பல மாதம் போட்டும் ஒரு கோடு கூட இல்லை என்றால் ராத்திரி நீங்கள் பெரிதாகக் கடிக்கவில்லை, அடுத்த கார்டுக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டாம்.