பென்சிக் போரும் ஒரு தலைக்கவசப் பட்டறையும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க்கிலிருந்து ஐ-79 நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் போனால் ஸ்லிப்பரி ராக் என்ற சிற்றூர். அதை ஒட்டி கூப்பர்ஸ் லேக் என்ற முகாம் மைதானம். ஜூலைக் கடைசியில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு அங்கே ஒரு கூடார நகரமே எழும்பிவிடும். 10,000 பேர் அளவில் கூடுகிறார்கள். இதற்குப் பெயர் பென்சிக் போர். 1966-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுக் கொல்லைப்புற விருந்தில் பிறந்தது எஸ்.சி.ஏ. (Society for Creative Anachronism) என்ற அமைப்பு. வாளும் கவசமும் புழங்கிய இடைக்காலத்து வாழ்க்கையைச் செய்து பார்ப்பவர்களின் கூட்டம். அவர்கள் 1972-ல் தொடங்கியதுதான் இந்தப் போர்.

அக்கா வீட்டுக்குப் போயிருந்த என்னை அத்தான்தான் அங்கே கூட்டிப் போனார். 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது என்று சொல்லத்தக்க உடை உடுத்தித்தான் உள்ளே நடமாட வேண்டும். நான் வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டுக்கொண்டேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

“அத்தான், இது கூத்தா, சண்டையா?” என்று கேட்டேன்.

“சண்டைதான். சத்தத்தைக் கேளு, தெரியும்” என்றார்.

தெரிந்தது. நூற்றுக்கணக்கானோர் கேடயத்தோடு கேடயம் மோதும் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்கிறது. இரும்பு வாள் கிடையாது, பிரம்புதான். நம் சிலம்பக்காரர்கள் சுற்றும் அதே இனம். ஆனால் குறைந்தது ஒன்றேகால் அங்குலத் தடிமன் இருக்க வேண்டும். பிரம்பு உடைந்தாலும் கூராகத் தெறிக்காது, நார்நாராகப் பிரியும். அதனால்தான் அதை வைத்து ஓங்கி அடிக்கிறார்கள். அடி சரியாக விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்பவர் நடுவர் இல்லை, அடி வாங்கியவரே. காலில் பட்டால் தானாக முழங்காலிட்டுச் சண்டையைத் தொடர்கிறார். தலையிலோ மார்பிலோ பட்டால் “செத்தேன்” என்று விழுந்துவிடுகிறார். இத்தனை நேர்மையை நம்பி நடக்கும் வேறொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

அந்த நேர்மைக்கு முதுகெலும்பு கவசம். நாளைக்கு ஆபீஸ் போக வேண்டியவரைத் தலையில் முழு பலத்தோடு அடிக்க, அவர் தலைமேல் நம்பத்தகுந்த எஃகு இருக்க வேண்டும். வியாபாரிகளின் தெருவில் ஒரு கவசக் கொல்லரின் கூடாரத்தைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டேன். அத்தான் சாப்பிடப் போய்விட்டார்.

ஓர் இளம்பெண் ஹெல்மெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றிச் சுற்றளவு, புருவத்திலிருந்து பிடரி வரை, ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது, உச்சியிலிருந்து தாடை. ஒவ்வொன்றையும் கொல்லர் இரண்டு முறை எடுத்தார். உள்ளே வைக்கும் ஃபோம் மெத்தைக்கும் சேர்த்துத்தான் கணக்கு. அளவு பெரிதானால் ஹெல்மெட் தலையில் சுழலும். சிறிதானால் எஃகு மண்டையைத் தொடும், அடி நேரே உள்ளே இறங்கும். பிறகு அட்டையில் வெட்டி அவள் தலையில் வைத்துப் பார்த்தார். தகட்டைத் தொடுவது அதற்கப்புறம்தான்.

விதிப்படி தகடு 16 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்; இவர் 14 கேஜில் செய்கிறார். கனமான ஹெல்மெட் அடி பட்டால் குறைவாகத்தான் அசையும், கழுத்துக்கு அதுதான் நல்லது என்றார். மரக்கட்டையில் குடைந்த குழிமேல் தகட்டை வைத்து, உருண்டைமுனைச் சுத்தியலால் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அடிக்கிறார். தட்டையாகக் கிடந்த எஃகு கண்ணெதிரே கிண்ணமாகிறது. இரண்டு கிண்ணங்களை உச்சியில் வெல்டு வைத்து இணைத்தால் மண்டைப்பகுதி தயார். பிறகு உருண்டைத் தலை கொண்ட இரும்புத் தூணில் கவிழ்த்து, சுத்தியல் தடங்களை மெல்லத் தட்டிச் சமன் செய்கிறார். மேடு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடவில்லை. கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுகிறார், நிற்கிறார், அந்த இடத்தில் தட்டுகிறார். எனக்கும் தடவக் கொடுத்தார். வழவழவென்றுதான் இருந்தது. அவர் காட்டிய இடத்தில் விரலை அழுத்திப் பார்த்த பிறகுதான் ஒரு சின்ன அலை தட்டுப்பட்டது.

முகத்துக்குக் கம்பி வலை. ஓர் அங்குல விட்டமுள்ள குச்சி எந்த இடைவெளியிலும் நுழையக் கூடாது என்பது விதி. மைதானத்தில் இறங்குமுன் பரிசோதகர்கள் இதைப் பார்க்கிறார்கள்; தாடை வாரை இழுக்கிறார்கள், உள்மெத்தையை அமுக்குகிறார்கள், கழுத்துப் பட்டையையும் முழங்கை, முழங்கால் காப்புகளையும் தொட்டுப் பார்க்கிறார்கள். சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய வீரரானாலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

மேற்குலகில் விற்கும் ஆயத்தக் கவசங்களில் கணிசமானவை நம் டேராடூன் போன்ற ஊர்களில் செய்யப்படுபவை. விலை மலிவு, முதல் கவசம் வாங்குபவருக்குப் பெரிய உதவி. ஆனால் அளவெடுத்துச் செய்தது வேறு ரகம், விலையும் அப்படித்தான். அந்தப் பெண் முன்பணம் கட்டினாள். ஹெல்மெட் கைக்கு வர மாதங்கள் ஆகுமாம். முகம் சுளிக்கவே இல்லை. நானாக இருந்தாலும் காத்திருப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: உடை இல்லையென்றால் இரவல் தரும் இடம் உள்ளேயே இருக்கிறது. ஆகஸ்ட் வெயில் கடுமை, மழை வந்தால் சேறு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பாலச் சண்டை நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் குறுகலான பாலங்கள் போல அமைத்து, அதற்குள் இரு படைகளும் நெருக்கியடித்து மோதும். அது முடிந்த பிற்பகலில் கவசக் கொல்லர்கள் பக்கம் போய்விடுங்கள். நெளிந்த ஹெல்மெட்டும் அறுந்த வாருமாக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், முழு வேலையையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.