நெய்வேலிச் சாம்பலை நம்பி ஏமாந்த கதை

விருத்தாசலம் பக்கம் வளர்ந்தவனுக்கு அனல்மின் நிலையச் சாம்பல் புதிதில்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் பட்டால் தானே இறுகும். அந்த நினைப்போடுதான் மத்தியப் பிரதேசத்து நிலக்கரி வட்டாரமான சிங்ரௌலிக்கு வேலைக்குப் போனேன்.

நான் இருந்த திறந்தவெளிச் சுரங்கத்தில் தீராத தலைவலி, மண்ணும் நிலக்கரியும் சுமக்கும் ராட்சத லாரிகளான டம்பர்கள் ஓடுகிற ரோடுதான். நிலக்கரிக்கு மேலே கிடப்பது மணற்கல். ரோடும் அதில்தான். 100 டன் ஏற்றிய டம்பர் கொஞ்ச நாள் ஓடினால் அது மாவாகிவிடும். சக்கரம் 1 செ.மீ. புதைந்தால் வண்டியை நகர்த்த எடைக்கேற்ப டன்னுக்கு 6 கிலோ விசை கூடுதலாக வேண்டும் என்பது எங்கள் வாய்ப்பாடு. 10 செ.மீ. புதைந்தால் சமதரையில் போகிற வண்டியும் ஏறக்குறைய 16-க்கு 1 சரிவில் ஏறுகிற மாதிரி முக்கும். அத்தனையும் டீசல். ஜல்லியை வெளியிலிருந்து வாங்கவேண்டும். சாம்பலோ பக்கத்து மின்நிலையங்களில் மலைமலையாகக் கிடக்கிறது. எடுத்துப் போனால் சந்தோஷப்படுவார்கள்.

மின்நிலையம் தண்ணீரோடு கலந்து குளத்தில் தேக்கிவைத்த சாம்பலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி 200 மீட்டர் போட்டோம். வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் மழையில் கஞ்சியானது. காய்ந்தபோது புழுதி, டம்பர் ஆபரேட்டர் ஒருவர் முகமெல்லாம் திருநீறு பூசியது போல இறங்கி வந்து, "சாப், ரோடு போட்டீங்களா, பவுடர் போட்டீங்களா?" என்றார்.

பிழை என்னுடையது. இந்தப் பக்கத்து நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு மிகக் குறைவு. அதில் சிலிக்காவும் அலுமினாவும் உண்டு. ஆனால் இறுகுவதற்குச் சுண்ணாம்பை நாம்தான் கொடுக்கவேண்டும்.

இரண்டாம் தடவை நூற்றுக்கு ஆறு பங்கு சுண்ணாம்பு கலந்து, அடுக்கடுக்காக அழுத்தி, மேலே ஜல்லி மூடினோம். சாம்பல் அடித்தளத்துக்குத்தான், மேல்பரப்புக்கு ஆகாது என்பதை அந்தப் புழுதியே சொல்லிக்கொடுத்திருந்தது. கலவை இறுக, ரோட்டை மூடி ஈரத்தோடு வைக்க நாள் வேண்டுமே? உற்பத்திப் பிரிவில் ஒரு ஷிப்டுகூடத் தரமாட்டார்கள். நல்லவேளை, அந்த ரோட்டு டம்பர்களுக்கு மண் அள்ளிப்போடும் ஷவல் இயந்திரம் பழுதாகி எட்டு நாள் நின்றது. எனக்கு அது தெய்வச் செயல்.

அடுத்த மழைக்காலம் முழுக்க ரோடு தாங்கியது. டேங்கர் நிரப்பும் குழாயடியில் மட்டும் பெயர்ந்தது. ஒழுகும் வால்வை மாற்றச் சொல்லி நான் எழுதிய சீட்டு, நான் மாற்றலாகிக் கிளம்பிய அன்றும் ஸ்டோர் மேசையிலேயே கிடந்தது.